கால் சுற்று

சைக்கிளைச் சங்கிலி இருக்கும் பக்கமாகச் சுவரில் சாய்க்கக் கூடாது, சார். உங்கள் காவலர் தெரியாமல் செய்துவிட்டார், பரவாயில்லை, நான் திருப்பி வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் செய்வதுதான். கியர் சுவரில் முட்டி ஒரு நூலளவு வளையும். ஒரு மாதம் கழித்து, சும்மாதான் நின்றது, தானாகவே கெட்டுப்போய்விட்டது என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். தானாகக் கெட்டுப்போன சைக்கிள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. முன்சக்கரம் எட்டுப் போலச் சுருண்டுகிடக்கிற வண்டிக்கு இந்தக் கவனமெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். பழகிய கை சொன்னால் கேட்காது.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஊர் வண்டியையெல்லாம் சரிபார்க்கிறவன் கடையில் ஸ்டூலைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

கையெழுத்துக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். தாளைப் படித்துவிட்டேன். மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். வண்டியில் குறை ஏதும் காணப்படவில்லை. அளவுக்கு மீறிய வேகம். ஓட்டியவரின் கவனக்குறைவு. முதல் வரி சரி. இரண்டாவது வரியும் ஒருவகையில் சரி. மூன்றாவது வரிக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. என் தங்கை சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தால்கூட இறங்கி, அதை ஓரமாகப் போட்டுவிட்டு ஏறுகிறவள். அவளைக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைப்பது நியாயமில்லை. அந்த வரியில் இருக்கவேண்டியது வேறு. அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நேரமாகும். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டேன், யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்து நோயில் போனார்கள். எனக்கு இருபத்தொன்று, அவளுக்கு ஒன்பது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். நீ பந்தயம் பந்தயம் என்று திரிகிறவன், உன் துணியை நீயே துவைக்கமாட்டாய், பெண்பிள்ளையை எப்படி வளர்ப்பாய், பேசாமல் விடுதியில் சேர்த்துவிடு என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். முப்பத்தாறு கம்பியைப் பின்னி ஒரு சக்கரம் கோக்கிறவனுக்கு மூன்று பிரி முடி ஒரு வித்தையா? வகுப்பிலேயே இவள் பின்னல்தான் நேர்த்தி, அம்மாவா பின்னிவிடுகிறார்கள் என்று புதிதாக வந்த ஆசிரியை கேட்டாராம். எங்கண்ணன் என்று சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்துநாலு வயதிலும் பாப்பாதான்.

நான் அப்போது மெக்கானிக் மட்டுமில்லை, ஓட்டுகிறவனும்கூட. இந்த மலைச்சாலை உங்களுக்குத் தெரியும். அடிவாரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், மேலே கம்பத்தைச் சுற்றித் திரும்பி அதே ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். சைக்கிள் கழகத்தில் வருடா வருடம் அதில் பந்தயம் வைப்பார்கள். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். கழகச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது, அதில் எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தை வெள்ளை பெயிண்டில் எழுதி வைப்பார்கள். நாற்பத்தொரு நிமிடம், பன்னிரண்டு நொடி. அது என்னுடையது. எனக்கு இருபத்துநாலு வயது அப்போது. அதை எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு லாரி என்னை ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு மூன்றாக உடைந்தது. என் நடையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கால் கேள்வி கேட்டால் இன்னொரு கால் யோசித்துத்தான் பதில் சொல்லும்.

நான் விட்ட இடத்தில் அவள் ஆரம்பித்தாள். யாரும் தூண்டவில்லை. நான் படுக்கையில் கிடந்த நாட்களில் கடைக்கும் வீட்டுக்கும் மருந்துக்கும் அவள்தான் சைக்கிளில் அலைந்தாள். பன்னிரண்டு வயதில், பெரிய வண்டியில், இருக்கைக்கு எட்டாமல் நின்றுகொண்டே மிதிப்பாள். பதினைந்து வயதில் அவளுக்கென்று ஒரு வண்டி கட்டிக் கொடுத்தேன். இதோ இதுதான். சட்டத்தை அவள் உயரத்துக்கு அறுத்து ஒட்டியது நான். ஒவ்வொரு திருகும் என் கை போட்டது. அவளும் வேறு யார் கையையும் இதில் படவிடமாட்டாள். பஞ்சர் ஆனால்கூட நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு என்னிடம்தான் வருவாள்.

பயிற்சியும் நான்தான் கொடுத்தேன். விடியும்போது அடிவாரத்தில் நான் கடிகாரத்தோடு நிற்பேன், அவள் ஏறி இறங்கி வருவாள். முழங்கையை விரித்துக்கொண்டு, வண்டியின்மேல் பாரமே இல்லாமல் அமர்ந்திருப்பாள். கழகத்தில் அவளுக்குத் தட்டான் என்று பெயர் வைத்தார்கள். கழகத்தை நடத்துகிறவர், நாங்கள் மாஸ்டர் என்போம், அவர்தான் வைத்தார்.

அவளுக்கு இருபது வயதானபோது அந்தப் பந்தயத்தில் நாற்பத்தொரு நிமிடம் இருபத்தொரு நொடியில் வந்தாள். என் நேரத்துக்கு ஒன்பது நொடி கூட. மாஸ்டர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மாதிரி ஓடிவந்தார். அடுத்த வருஷம் பெயிண்ட் டப்பா வாங்கி வைக்கணும்போல இருக்கே என்று என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அது வெளிவேஷம் இல்லை, சார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் பகல், இதே மேசையில், அவள் பின்சக்கரத்தைத் துடைப்பதற்காகக் கழற்றினேன். அச்சுக்குள் சிறு இரும்புக் குண்டுகள் வரிசையாக இருக்கும். இரண்டு முனையிலும் கோன் என்று ஒரு திருகு அவற்றை அணைத்துப் பிடித்திருக்கும். அந்தத் திருகைத் தளர்த்தினால் சக்கரம் ஆடும், இறுக்கினால் சக்கரம் கனத்துச் சுற்றும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே மயிரிழை. அன்று அந்த இடத்தைத் தாண்டிக் கால் சுற்று இறுக்கினேன்.

கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எங்கள் காலத்தில் மாஸ்டரே எங்கள் வண்டிக்குப் பின்னால் பழைய டயரைக் கட்டி இழுக்கச் சொல்வார். சுமையோடு பழகிய காலுக்குச் சுமையை எடுத்துவிட்டால் இறக்கை முளைக்கும். பயிற்சிக்கு இறுக்கி வைப்போம், பந்தயத்தன்று தளர்த்திவிடுவோம் என்று இருந்தேன். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் மனதுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். வண்டி கனம், அதனால்தான் முடியவில்லை என்று கால் ஒதுங்கிக்கொள்ளும். இதை எந்தப் பயிற்சியாளரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள் சக்கரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். ஸ்பானரை எடுத்தேன். அந்த நேரம் தபால்காரர் பஞ்சரோடு வந்தார். அவருக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டு, சக்கரத்தை அப்படியே மாட்டிவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஸ்பானரை அதன் ஆணியில் மாட்டியது நினைவிருக்கிறது. மறக்கிறவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் போவான், சார்.

அவள் முந்தின வருடத்தைவிட ஒன்றரை நிமிடம் தாமதமாக வந்தாள். மாஸ்டர் கடிகாரத்தை உதறிப் பார்த்தார். அவள் ஓரமாகப் போய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, காற்று எதிர்க்காற்றா அண்ணா என்று கேட்டாள். ஆமாம், கொஞ்சம் இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. அச்சில் லேசான கிரீஸை எடுத்துவிட்டு, மாட்டுவண்டிக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸை அடைத்தேன். அது மழையில் கரையாது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு தடித்த ரப்பர் பட்டையைச் சுற்றிவைத்தேன். முள் குத்தாமல் இருக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணத்துக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? ஒரு தடவை மாஸ்டர் அவள் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சீக்கிரம் நின்றுவிடுகிறதே என்றார். புது கிரீஸ், பழகணும் என்றேன். தலையாட்டினார். வண்டி விஷயத்தில் மெக்கானிக் சொன்னால் மாஸ்டரும் தலையாட்டத்தான் வேண்டும்.

பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அந்த மலையில் நாற்பத்தொரு நிமிடத்துக்குள் வந்தால் பெரிய அணியில் எடுத்துக்கொள்வார்கள். எடுத்தால் தொலைவில் இருக்கிற பயிற்சி முகாமில் போய் இருக்கவேண்டும், வருடம் முழுக்க. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? யார் கையோ அவள் வண்டியைத் தொடும். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், யார் கெஞ்சுவார்கள்? கண்ணுக்குள் வைத்து வளர்த்த பிள்ளை. வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் விடவில்லை. அதுதான் நான் கணக்குப் போடாத விஷயம். முடியவில்லை என்றால் ஒரு வருடத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடுவாள், கடையில் என்னோடு உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் அதிகமாக ஓட்டினாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறியவள் இரண்டு தடவை ஏறினாள். உடம்பு கனம் என்று தட்டில் பாதியை ஒதுக்கினாள். கன்னம் ஒட்டிப்போனது. ரத்தத்தில் குறையா என்று பரிசோதித்தாள். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தாள். மருத்துவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றபோது அவள் அழுதாள். ஏதாவது வியாதி என்றாலாவது மருந்து இருக்குமே அண்ணா என்றாள்.

கழகத்தில் ஒரு பையன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான், நல்ல மாதிரி. என்னிடம் வந்து முறையாகக் கேட்டான். எனக்கு ஆட்சேபம் இல்லை, அவளைக் கேள் என்றேன். அவள் ஒரு வருஷம் பொறு, அணியில் ஏறிவிட்டு வருகிறேன் என்றாள். பொறுத்தான். இன்னும் ஒரு வருஷம் என்றாள். அதையும் பொறுத்தான். மூன்றாவது தடவை அவன் வீட்டில் பொறுக்கவில்லை. அவன் கல்யாணத்தன்றும் அவள் காலையில் மலைக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். அந்தப் பையனைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. நானும் கிளறவில்லை.

சாயங்காலம் அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம். கெண்டைச்சதை கல் மாதிரி இருக்கும், சார். அந்த மாதிரிக் கால் எனக்கு இருந்ததில்லை. தேய்க்கும்போது ஒருநாள் சொன்னாள்.

"எனக்குக் கால்ல சத்தே இல்லண்ணா. சும்மா ஒப்புக்கு ஒட்டவச்ச மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் எல்லாம் அமையாது பாப்பா."

"உனக்கு அமைஞ்சுதே."

நான் கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்படி நான்கு வருடம் போனது. போன மாதம் அவளுக்கு இருபத்துநாலு முடிந்தது. அதற்கு மேல் அணியில் எடுக்கமாட்டார்கள். இந்த வருடப் பந்தயம்தான் கடைசி. அதற்கு மூன்று நாள் முன்னால் என்னைத் தன்னோடு சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவரச் சொன்னாள். பக்கத்தில் யாராவது வந்தால் வேகம் வரும் என்றாள். நான் கடையில் கிடந்த ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கூடவே ஓட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். நானும் மிதித்தேன். மைல்கல் ஒன்று போனது, இரண்டு போனது. நான் அவள் தோளுக்குத் தோள் இருந்தேன். பிறகு அரைச் சக்கரம் முன்னால் போனேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், அந்த அரைச் சக்கரத்துக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து முகத்தில் காற்று அடித்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் நிறுத்திவிட்டாள். வண்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நொண்டிக்கால் அண்ணன்கூட என்னை முந்துறான். போதும்ணா. இதுக்குமேல நான் எனக்கே பொய் சொல்லிக்க மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகம் ஒன்பது வயது முகமாக இருந்தது. அம்மா எப்போது வருவாள் என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் பார்த்ததும், சரி, கேட்கவில்லை என்று தலையாட்டிய முகம். பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டோமே, அதற்காக ஒருதடவை ஓட்டிவிடுகிறேன், பிறகு இந்த வண்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்றாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்சக்கரத்தைக் கழற்றினேன். டயரை நெம்பி அந்த ரப்பர் பட்டையை உருவினேன். பாம்புச் சட்டை மாதிரி நீளமாக வந்தது. கெட்டிக் கிரீஸை வழித்தேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், புதுக் குண்டுகள் போட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். கோனை அந்த மயிரிழை இடத்தில் நிறுத்தினேன். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு டம்ளரில் டீயை ஊற்றி, ஆற்றி, மெதுவாகக் குடித்து முடித்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. நான் கட்டிய சக்கரங்களிலேயே அதுதான் நல்ல சக்கரம். பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. இனி அவள் போகட்டும் என்று நினைத்தேன். மனப்பூர்வமாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை அடிவாரத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் ஏழாவது. முறை வருவதற்குள் உடம்பைச் சூடாக்க, பின்பக்கத்துத் தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். வந்தவள் இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வண்டிய என்னண்ணா பண்ணின? பஞ்சு மாதிரி போகுது."

"நான் ஒண்ணும் பண்ணல. எண்ணெய் போட்டுத் துடைச்சேன், அவ்வளவுதான்."

"அப்ப?"

"உன் கால்தான் பாப்பா."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தாள். உள்ளங்கையால் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

மேலே கம்பத்தருகே இருந்தவர் தொலைபேசியில் மாஸ்டரைக் கூப்பிட்டார். ஏற்றத்தை இருபத்தேழு நிமிடத்தில் முடித்துத் திரும்பிவிட்டாள் என்றார். எனக்கு அந்த ஏற்றத்துக்கு இருபத்தெட்டரை ஆனது. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சாலைக்கு வந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடத்தில் தெரியவேண்டும். பதினைந்து நிமிடத்தில் அவளுக்குப் பின்னால் புறப்பட்டவன் வந்தான். அவன் ஓட்டிக்கொண்டு வரவில்லை, கத்திக்கொண்டு வந்தான்.

மேலிருந்து மூன்றாவது வளைவு. உங்கள் ஆட்கள் அளந்தார்கள். பிரேக் பிடித்து டயர் தேய்ந்த தடம் வளைவுக்கு உள்ளேதான் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கவனக்குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை விளக்கவேண்டும். அந்த வளைவில் அவள் பிரேக் பிடிப்பதை விட்டுவிட்டாள். நான்கு வருடம், எத்தனை நூறு தடவை இறங்கியிருப்பாள்? மற்ற எல்லா வளைவுக்கும் பிடிப்பாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவள் வண்டி வந்துசேருகிற வேகமே சரியான வேகமாக இருந்தது. பிடித்தால் இரண்டு நொடி வீண் என்பாள். கழகத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கணக்கு தப்பே இல்லை, சார். இறுக்கிய சக்கரத்துக்கு அந்தக் கணக்கு மிகச் சரி. அன்றைக்கு அவளிடம் இருந்தது வேறு சக்கரம். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மாஸ்டரின் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவள் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். தலைப்பின்னல் அவிழவே இல்லை. அன்று காலை நான்தான் பின்னிவிட்டேன். பந்தய நாளில் மட்டும் இன்னும் என்னிடம்தான் வருவாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். தட்டான் ஏறின ஏற்றத்தை இதுவரை யாரும் ஏறவில்லை, அந்த இருபத்தேழு நிமிடத்தைப் பலகையில் எழுதட்டுமா, உன் சம்மதம் வேண்டும் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பலகை ஏறி இறங்கி முடித்தவர்களுக்கானது. பாதிக்கு எழுத ஆரம்பித்தால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள். அதைத்தான் சொன்னேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். விதியை நான் போடவில்லை, சார்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அந்த வளைவு எனக்கு முன்னாலேயே தோன்றவில்லையா என்றுதானே. தோன்றவில்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். தங்கையைப் பறிகொடுத்தவனை யார் குடைந்து கேட்பார்கள்?

தோன்றியது. அவள் முழங்காலைத் தட்டிவிட்டு வரிசைக்குப் போனபோதே தோன்றியது. பின்சக்கரம் தரையில் அவ்வளவு லேசாக உருண்டது, அதைப் பார்த்ததும் மூன்றாவது வளைவு கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போது மூன்றாவது ஆள் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் ஏழாவது. நாலு நிமிடம் இருந்தது. பத்தடி தூரம். மூணாவது வளைவுல பிரேக் பிடி. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. நொண்டிக்காலோடு நடந்தாலும் ஆறு எட்டு வைத்தால் போதும்.

சொன்னால் ஏன் என்பாள். அவள் கெட்டிக்காரி, ஒரு நூல் கிடைத்தால் துணியையே பிரித்துவிடுவாள். ஏன் இன்றைக்கு மட்டும் என்பாள். வண்டியைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். நான்கு வருடமும், பாதித் தட்டுச் சோறும், அந்தக் கண்ணாடிக்கடைப் பையனும், எண்ணெய் தேய்த்த சாயங்காலங்களும் அந்தப் பத்தடி தூரத்தில் அவளுக்குப் புரிந்துபோகும். நாலாவது ஆள் போனான். அஞ்சாவது ஆள் போனான். நான் கைத்துணியை மடித்துப் பையில் வைத்தேன். ஆறாவது ஆள் போனபோது அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கொடி இறங்கியது.

ஆகவே மூன்றாவது வரியை அடித்துவிட்டு, அவளுடைய அண்ணன், தெரிந்தே, சொல்லாமல் விட்டான் என்று எழுதுங்கள். எந்தப் பிரிவில் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். கொன்றது நான்தான், அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் ஒன்று. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளே, அது அசல் சிரிப்பு. கடைசிவரை என் பாப்பாவுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை, சார். எனக்கு அது போதும்.